எடை போடாத பெட்டிகள்

ஏறுங்கக்கா, சும்மா ஏறுங்க, ஒண்ணும் கடிக்காது. செருப்பக் கழட்ட வேண்டாம், பையக் கீழ வைக்க வேண்டாம், பையும் சேந்துதான விமானத்துல வரும். காலையில இருந்து இதையே சொல்லிச் சொல்லித் தொண்டை காஞ்சு போச்சு, ஆனாலும் இந்தக் கோயம்புத்தூர்க்காரங்க எடை மெஷினப் பாத்ததும் ஒரு அடி பின்னால போறதப் பாத்தா சிரிப்ப அடக்க முடியல. அந்த அக்கா வீட்டுக்காரரத் திரும்பிப் பாக்காக, அவரு வானத்தப் பாக்காரு, மேல நாலு விமானம் புகையக் கக்கிக்கிட்டு தலைகீழாப் போகுது, மைதானமே ஓன்னு கத்துது, இந்தச் சத்தத்துல எவன் நம்பரப் பாக்கப் போறான்னு நெனச்சாகளோ என்னவோ, டபக்குன்னு ஏறிட்டாக. எழுபத்தி மூணு. பாருங்கக்கா, நீங்க ஒரு ஆள் இறங்கிக்கிட்டா அந்த மலைக்கு ஒரு மூட்டை அரிசி போகும், ஒரு பெட்டி தடுப்பூசி போகும், மிச்ச இடத்துல பள்ளிக்கூடத்துக்குக் கரும்பலகையே போகும். "அப்ப என்னைய எறங்கச் சொல்றீங்களா அம்மணி?"ன்னு கேட்டாக. இல்லக்கா, உங்களுக்குப் பிரசவ வலின்னா அரிசிதான் எறங்கும். அந்த அக்கா முகம் சட்டுனு மாறிச்சு. இதுக்குத்தான இந்த மெஷினத் தூக்கிட்டு வந்தது. பாப்புவா நியூ கினி மலையில ரோடு கெடையாது, எங்க மிஷன் விமானந்தான் பஸ்ஸு, ஆம்புலன்ஸு, தபால்காரன் எல்லாம்னு படத்தக் காட்டி ஒரு மணி நேரம் பேசினாலும் ஏறாதது, அவங்க எடை அவங்க கண்ணு முன்னால நம்பரா நிக்கும்போது ஏறிரும். என் யோசனைதான். கமிட்டியில ஒருத்தருக்கும் பிடிக்கல. விமானக் கண்காட்சியில போயி தராசு வைக்கதா, நாம என்ன காய்கறிக் கடையான்னாக. ஆமா, காய்கறியும் ஏத்துவோம், பன்னியும் ஏத்துவோம், அதையும் எடை போடுவோம்னேன்.

எடை போடாம ஒண்ணும் ஏறக் கூடாது. அதுதான சட்டம். அந்தச் சட்டத்த நான் இங்க வெயில்ல நின்னு ஊருக்கெல்லாம் சொல்லுதேன், இன்னும் கொஞ்ச நேரத்துல அதே வாயால பிரசங்கியார் தேவாசீர் ஐயாவ மேடைக்குக் கூப்பிடப் போறேன். ஏட்டி ஹெப்சி, உனக்கு இது தேவையா. மைக்கப் பிடிச்சுப் பேச உன்ன விட்டா ஆள் இல்லியாம், பாட்டுக்குழுவுல முப்பது வருஷம் நின்ன குரலாம். நம்ம மிஷன் சங்கத்துக்குச் சின்ன மேடையில பதினஞ்சு நிமிஷம் தந்திருக்காங்க, பிரசங்கம் பண்ணக் கூடாது, அனுபவம் சொல்லலாம்னு கண்டிஷன். ஐயாவுக்கு அதெல்லாம் ஒரு கண்டிஷனா? "அனுபவந்தான மகளே சொல்லப் போறேன்"னாக. என்ன அனுபவம்னு எனக்குத் தெரியாதா. தமிழ்நாட்டுல அந்தச் சாட்சியக் கேக்காத சபை உண்டா? வானத்துல ஆண்டவர் ரெண்டு கையையும் நீட்டி விமானத்தத் தூக்கின சாட்சி. அத ஓட்டினது என் வீட்டுக்காரவுக, ரேனியஸ், அதோ ஸ்டாலுக்குப் பின்னால ஸ்டூல்ல ஏறி, காத்துல கழண்ட பேனரக் கட்டிக்கிட்டு நிக்காக. பதினோரு வருஷம் விமானம் ஓட்டின கை. மூணு வருஷமா தூத்துக்குடியில தம்பி கடையில இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணி ஊத்துது. கயிற முடிச்சுப் போட்டுட்டு ரெண்டு தடவ இழுத்துப் பாக்காக. அத்தான், அந்த முடிச்சு நிக்கும், எறங்குங்க. அவுக மூணாந்தடவையும் இழுக்காக.

வாக்கியம் ஒண்ணு வச்சிருக்கேன். ராத்திரி பூரா வச்சுத் தேச்சது. 'தேவாசீர் ஐயா அன்னைக்கு ஏறுன விமானத்துல எடை போடாத பெட்டி ஆறு இருந்துது.' இது வரைக்கும் நல்லா வருது, வாயில தேன் மாதிரி வருது. அதுக்கடுத்து 'அதனால'ன்னு வருது பாரு, அங்க போயி நின்னுருது. அதனால விமானம் கனமாச்சு. அதனால ஓடுபாதை முடியுற இடத்துல மேல எழும்பாம மரத்துல சக்கரம் இடிச்சது. அதனால விசாரணை வந்தது, கேப்டன் சரிபாக்காம விட்டுட்டாருன்னு முடிஞ்சது, அதனால எங்க வீட்டுக்காரவுக கீழ எறங்கினவுக எறங்கினவுகதான். இத எப்படி ஒரு வாக்கியத்துல அடக்க? அடக்கினாலும் நாக்கு எழும்பணும்லா. வாங்க தம்பி, வாங்க, குழந்தையையும் தூக்கிட்டே ஏறுங்க, குழந்தைக்கும் எடை உண்டு. தொண்ணூத்தி ரெண்டு. பாப்பா எத்தனைன்னு தெரியணுமா, அப்ப நீங்க மட்டும் ஏறுங்க. கழிச்சுப் பாருங்க. ஆங், பதினாலு. பதினாலு கிலோ பாப்பாவுக்குப் பதிலா என்ன போகும்னு பின்னால மாட்டியிருக்க போர்டுல தேடாதீங்க தம்பி, பாப்பாவ நாங்க எறக்க மாட்டோம்.

அன்னைக்கு நான் மலைக்குக் கீழ எங்க விமான பேஸ்ல ரேடியோ முன்னால உக்காந்து பயறு உரிச்சிட்டு இருந்தேன். பொம்பளைகளுக்கு அங்க அதுதான் வேல, காத ரேடியோவுல வச்சிட்டு கைய வேற எதுலயாவது வைக்கணும். கெளம்புதோம்னு அவுக குரல் வந்தது. அப்புறம் ஒண்ணும் வரல. வரவே இல்ல. மலைக்குப் பின்னால போனா சில நேரம் அப்படித்தான், தெரியும், ஆயிரம் தடவ பாத்தாச்சு, ஆனா அன்னைக்கு என்னமோ பயறு உருண்டு கீழ விழுந்தத நான் குனிஞ்சு பொறுக்கவே இல்ல. அத மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. தரையில கெடக்க பயறையே பாத்துட்டு இருக்கேன். ஸ்தோத்திரம் சொல்லணும்னு தோணல, ஜெபம் வரல, எங்கம்மா முகங்கூட வரல, பயறுதான் தெரியுது. பெறகு குரல் வந்தது. சக்கரம் லேசா அடி வாங்கியிருக்கு, எல்லாரும் நல்லா இருக்கோம், எறங்குத இடத்துல ஆள வரச் சொல்லுன்னு. சாதாரணமாச் சொன்னாக, மார்க்கெட்டுக்குப் போயி வெங்காயம் கெடைக்கலன்னு சொல்லுத மாதிரி. ராத்திரி வீட்டுக்கு வந்து சோத்துல கைய வச்சிட்டு உக்காந்திருந்தாக. "எடை போட்டுட்டு ஓடுபாதை ஈரமா இருக்கான்னு நடந்து பாக்கப் போனேன் ஹெப்சி. வாரதுக்குள்ள ஐயாவோட ஆறு பெட்டியையும் ஏத்திட்டாக. நான் திரும்பிப் பாக்காம கதவச் சாத்திட்டேன். பாத்திருக்கணும்." அவ்வளவுதான். விசாரணைக்கு வந்தவன் கிட்டயும் அதே, பாத்திருக்கணும், என் தப்பு. யாரு ஏத்தினான்னு கேட்டிருக்கான். யாரு ஏத்தினாலும் கேப்டன் பாத்திருக்கணும்னு சொல்லிருக்காக. இந்த மனுசன வச்சிட்டு நான் என்ன செய்ய, நீங்களே சொல்லுங்க.

அத்தான் அப்படி ஒளிச்சு வச்சதுதான் ஐயா வாயில அற்புதமாயிட்டு. மலைக்குப் புதிய ஏற்பாடு கொண்டு வந்த ஐயா, ஊருக்குத் திரும்பின முதல் ஞாயித்துக்கிழமையே சொல்லிட்டாக, மரம் கிட்ட வந்துச்சு, நான் இயேசுவேன்னு கூப்பிட்டேன், விமானம் எழும்பிச்சு. சபை பூரா அழுதுச்சாம். சொல்லச் சொல்ல மரம் வளந்துச்சு, பள்ளத்தாக்கு ஆழமாச்சு. போன வருசம் நம்ம சங்கத்துக் கிளாடிஸ் அக்கா போன்ல அனுப்பின வீடியோவுல மரம் தென்னை ஒசரம் வந்திருந்தது. இருக்கட்டும். சாட்சின்னா கொஞ்சம் வளரும், எங்க சாயர்புரத்துல பாம்பு கடிச்சுப் பொழைச்சவரு சொல்லும்போது பாம்பும் வருசா வருசம் வளரத்தான் செஞ்சது. அது இல்ல எனக்குக் கோவம். காலையில ஒரு காலேஜ் பையன் வந்தான், விமானம் ஓட்டப் படிக்கானாம், படிச்சு முடிச்சதும் மிஷனுக்குத்தான் வருவானாம், கண்ணு மின்ன நிக்கான். ஐயாவோட சாட்சியக் கேட்டுத்தான் அழைப்பு வந்துச்சாம். "விசுவாசம் இருந்தா எடை ஒரு பிரச்சன இல்லன்னு அன்னைக்குப் புரிஞ்சுச்சு ஆன்ட்டி"ங்கான். இந்தப் பையன் ஒரு நாள் அந்த மலையில, அந்த ஓடுபாதையில, பெட்டிக்கு மேல பெட்டி ஏத்திட்டு இயேசுவேன்னு கூப்பிடுவான். பின்னால நாலு தாயும் பிள்ளையும் இருக்கும். நான் அவன் கையப் பிடிச்சு மெஷின்ல ஏத்தி, தம்பி, இது பிரச்சன, இதுதான் பிரச்சனன்னு சொன்னேன். சிரிச்சிட்டுப் போயிட்டான்.

ஆக இன்னைக்குச் சொல்லியாகணும். சொல்லிருவேன். ஆனா சவம், இன்னொண்ணு இருக்கே. அடுத்த வாரம் கமிட்டி கூடுது, ரேனியஸத் திரும்ப அனுப்பலாமான்னு முடிவெடுக்க. கிளாடிஸ் அக்கா காலையிலயே காதுல ஓதிட்டாக: "ஐயா ஒரு வார்த்த சொன்னாப் போதும்டி, கமிட்டியில மறுபேச்சு இருக்காது. ஆண்டவரே தூக்கின பைலட்டு, அவர எப்படி வேண்டாம்பாங்க?" கேட்டுக்கிடுங்க கூத்த. அந்த அற்புதந்தான் எங்க வீட்டுக்காரவுகளத் திரும்ப விமானத்துல ஏத்தப் போகுது. அத நான் மேடையில வச்சு ஒடச்சா, அந்தக் கையி பேட்டரிக்குத் தண்ணி ஊத்தியே வயசாகும். ஒடைக்காம விட்டா பறப்பாக, ஆனா ஒரு பொய்யி மேல உக்காந்து பறப்பாக. பறந்தா, ரேடியோ முன்னால பயறு உரிக்கப் போறது யாரு? நான். இங்கதான் எனக்கு இடிக்குது. ஏட்டி ஹெப்சி, ஆண்டவர் முன்னால நின்னு சொல்லு, நீ உண்மைக்காகத்தான் பேசப் போறியா, இல்ல இந்த மனுசன் கீழயே கெடக்கட்டும்னா? மூணு வருசமா ராத்திரி நல்லா தூங்குத. அவுக குறட்டை பக்கத்துல கேக்குது. உனக்கு அது பிடிச்சிருக்கு. சொல்லு, பிடிச்சிருக்கா இல்லியா. பிடிச்சிருக்கு. எனக்கு அது பிடிச்சிருக்கு, கர்த்தாவே, நான் என்ன செய்ய. ஆனா அவுக தூக்கத்துல கைய நகத்துறதையும் நான்தான பாக்கேன். வெரல் எதையோ தேடித் தேடித் திருப்பும். பேட்டரியில அப்படித் திருப்புததுக்கு ஒண்ணும் கெடையாது.

மேல போன விமானங்க எறங்கியாச்சு, கைதட்டு ஓஞ்சாச்சு, ஜனம் ஐஸ் வண்டியப் பாத்து ஓடுது. மிளகாய் பஜ்ஜி வாசனையும் பெட்ரோல் நாத்தமும் கலந்து வருது. ஐயா வந்துட்டாக. வெள்ளை ஜிப்பா, தோள்பை, சிரிச்ச முகம். என்னத்தச் சொல்ல, அந்த முகத்தப் பாத்தா கோவம் பாதி எறங்கிருது. எங்க மாமியா செத்தப்ப முதல்ல வந்து பாயில உக்காந்தவுக இவுகதான். "மகளே, ஸ்தோத்திரம். வெயில்ல கறுத்துட்டியே. தம்பி எங்க?" தம்பி பேனர் கட்டுதாக ஐயா. நீங்க கொஞ்சம் இப்படி வாங்க, ஒரு வார்த்த பேசணும். ஸ்டாலுக்குப் பின்னால தண்ணி கேன் அடுக்கியிருக்க எடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். மேடையில வச்சுச் சொல்லுததுக்கு முன்னால நேருக்கு நேர் ஒரு தடவ கேட்டுறணும், அதுதான் மரியாதை. ஐயா, அன்னைக்கு அந்தப் புதிய ஏற்பாட்டுப் பெட்டிங்க, அத எடை போட்டீகளா?

"எது, அந்த ஆறு பெட்டியா?" ஐயா யோசிக்கவே இல்ல. "எங்க மகளே நேரம்? தம்பி ஓடுபாதையப் பாக்கப் போயிருந்தாரு, மழை தூத்தல் போட ஆரம்பிச்சுட்டு, புத்தகம் நனைஞ்சிருமேன்னு நான்தான் அந்த ஊர் ஆளுகள வச்சு உள்ள ஏத்தி என் போர்வையப் போட்டு மூடினேன். வேத வசனத்துக்கு எடை ஏதும்மா?"

சிரிக்காக. சிரிச்சாகளே! பொய் சொல்லுத மனுசன்னு நெனச்சு நான் மூணு வருசமா பல்லக் கடிச்சிட்டு இருந்தேன், இவுகளுக்கு ஒண்ணுமே தெரியல. தெரியாமத்தான் ஊர் ஊராச் சொல்லிருக்காக. அச்சடிச்ச காகிதத்துக்கு எடை உண்டு ஐயான்னேன். ஒரு பெட்டி பதினெட்டு கிலோ. அதனாலதான் விமானம் எழும்பல. அதனாலதான் மரத்துல இடிச்சது. அதுக்குத்தான் அவுகளக் கீழ எறக்கினாங்க. பாரு, 'அதனால' தானா வந்துட்டு. ஐயா சிரிப்பு முகத்துல அப்படியே நின்னுச்சு. உள்ள இருந்து யாரோ வெளக்க அணைச்ச மாதிரி கண்ணு மட்டும் போச்சு. "தம்பி ஒண்ணும் சொல்லலியேம்மா. உடம்பு சரியில்லாம ஊருக்கு வந்துட்டாருன்னுதான…" யாரு சொன்னா? "யாரோ சொன்னாங்க." குனிஞ்சு தோள்பையத் தண்ணி கேன் மேல வச்சாக. பாவமாத்தான் இருந்துச்சு. எனக்கே கையப் பிடிச்சுக்கிடலாமான்னு வந்துட்டு. அப்ப நிமிந்தாக, முகம் திரும்ப மலந்துட்டு: "அப்படின்னா மகளே, இது இன்னும் பெரிய அற்புதமால்லா இருக்கு! அவ்வளவு எடையோடயும் தூக்கியிருக்காரே!"

ஒரு பெட்டி எத்தனை கிலோன்னு திரும்பவும் தொடங்கினேன். அதுக்குள்ள கிளாடிஸ் அக்கா ஓடி வந்து நேரமாச்சு நேரமாச்சுன்னு மைக்க என் கையில திணிச்சாக. சின்ன மேடைக்கு முன்னால நூறு பேருக்கு மேல இருக்காங்க, நெழலுக்கு ஒதுங்கினவங்க பாதி, பஜ்ஜி தின்னுறவங்க மீதி, நடுவுல அந்தக் காலேஜ் பையன் போனத் தூக்கிப் பிடிச்சிட்டு. கமிட்டிக்காரங்க ரெண்டு பேரு முதல் வரிசையில. நான் ஐயாவ வரவேற்றேன். வெறும் பேரச் சொல்லி, வாங்க ஐயான்னு. வாக்கியம் வரல. கோழை, கோழை. மேடை ஓரத்துல எறங்கி நின்னேன். அந்தப் பக்க ஓரத்துல அத்தான் நிக்காக, கையக் கட்டிட்டு. ஐயா மேடை மைக்கப் பிடிச்சு ஆரம்பிச்சாச்சு. மலை வந்தது, மேகம் வந்தது, மரம் வந்தது. இன்னைக்குத் தென்னையவும் தாண்டிட்டு. பெட்டி வருதான்னு பாக்கேன், வருதான்னு பாக்கேன். வந்துச்சு. "அதுமட்டுமில்ல, அன்னைக்கு அந்த விமானத்துல எடைக்கு மேல எடை இருந்துச்சு! மனுஷ கணக்குக்குப் பறக்கவே கூடாது! ஆனா தேவ கணக்கு வேற!" ஜனம் கைதட்டுது. அந்தப் பையன் தல மேல கையத் தூக்கித் தட்டுதான். இன்னும் மோசமாயிட்டே, நான் வாயத் தொறந்து இதையும் எடுத்துக் குடுத்துட்டேனே! ஐயா அந்தப் பக்கமாத் திரும்பி, எல்லா மேடையிலயும் கேக்கத மாதிரியே கேட்டாக, "அப்படித்தான தம்பி?" அத்தான் எப்பவும் தலையாட்டுவாக. இன்னைக்கும் ஆட்டத்தான் போறாக, எனக்குத் தெரியும். தாடை கீழ எறங்க ஆரம்பிச்சுட்டு. இந்த மனுசன் இன்னும் ஒரு தடவ தலையாட்டினா நான் செத்துருவேன்னு தோணிச்சு. கமிட்டியாவது ஒண்ணாவது. ராத்திரி குறட்டையாவது ஒண்ணாவது.

"இல்ல ஐயா"ன்னேன். மைக் கையில இருந்தது மறந்துட்டு, மைதானம் பூரா கேட்டுச்சு. இல்ல ஐயா, அப்படி இல்ல. அங்க எடை போட்டுட்டுத்தான் எதையும் ஏத்துவாங்க. அன்னைக்கு ஆறு பெட்டி எடை போடாம ஏறிட்டு. நல்ல மனசோட ஏத்தினதுதான், மழையில புத்தகம் நனையக் கூடாதேன்னு ஏத்தினது, ஆனா ஏறிட்டு. அதனால மரத்துல இடிச்சது. சாகப் பாத்தாங்க, அதுல ஒரு கைப்பிள்ளக்காரியும் உண்டு. விசுவாசம் இருந்தா எடை பிரச்சன இல்லன்னு இங்க யாராவது நெனச்சிட்டுப் போனா, தயவு செஞ்சு போகாதீங்க. தம்பி, உன்னத்தான் சொல்லுதேன், போனக் கீழ எறக்கிட்டுக் கேளு. ஓட்டினவுக மேல தப்பு சொல்லி எறக்கிட்டாங்க, அவுக ஒருத்தர் பேரையும் சொல்லல. அவ்வளவுதான். முதல் வரிசையில கமிட்டிக்காரரு கண்ணாடியக் கழட்டித் தொடைக்காரு. கிளாடிஸ் அக்கா வாயப் பொத்திட்டாக. ஐயா மேடையில மைக்கோட அப்படியே நிக்காக. போச்சு. எல்லாம் போச்சு. நாளைக்குத் தூத்துக்குடி பஸ்ஸு, நாளன்னைக்குப் பேட்டரி.

அப்ப கூட்டத்துல இருந்து ஒரு பெரியவரு கேட்டாரு, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, பஜ்ஜி எண்ணெயப் பேப்பர்ல தொடச்சுக்கிட்டு, சாவகாசமா: "ஏனுங்க, அத்தன எடை கூடிப் போச்சுங்கறீங்க, அப்ப மரத்துல இடிச்சதோட உட்டுட்டு எப்படிங்க மேல போச்சு? உழுந்திருக்கோணுமல்லங்க?" எனக்குத் தெரியாது. மூணு வருசத்துல நான் இதக் கேக்கவே இல்லியே, எப்படிடா இடிச்சதுன்னுதான் கேட்டேன், எப்படி தப்பிச்சதுன்னு கேக்கவே இல்ல. அத்தான் மேடையச் சுத்தி நடந்து வந்தாக. என் கையில இருந்து மைக்க வாங்கினாக, வெரல் சில்லுன்னு இருந்துச்சு. "நான் எப்பவும் ஒரு ஆள் எடைய விட்டுட்டுத்தான் ஏத்துவேங்க"ன்னாக. பழைய குரல். ரேடியோவுல கேட்டுக் கேட்டு எனக்குப் பாடமான குரல். "ஜனங்க எதையாவது மறைச்சு எடுத்துட்டு வருவாங்க. மடியில கிழங்கு இருக்கும், பாவாடைக்குள்ள கோழி இருக்கும். கோவப்பட்டு என்ன செய்ய, திரும்ப ஒரு மாசத்துக்கு விமானம் வராது அவங்களுக்கு. அதனால கடைசி சீட்டுல யாரையும் ஏத்த மாட்டேன். கேட்டா சீட்டு ரிப்பேர்னு சொல்லிருவேன். மேல இருக்கவங்களுக்குத் தெரிஞ்சா காலி சீட்டோட ஏன் போறன்னு கேப்பாங்க, அதனால எழுதி வைக்கல. அன்னைக்கு அந்தச் சீட்டு எடை மிச்சம் இருந்துச்சு. இல்லன்னா வந்திருக்க மாட்டோம்."

ரிப்பேராம்! கர்த்தாவே, அந்தச் சீட்டா! கிறிஸ்மஸுக்கு மேல இருந்து கீழ வர, ஏத்திட்டுப் போங்க அத்தான்னு நான் கெஞ்சினப்ப, பெல்ட்டு அறுந்திருக்கு ஹெப்சின்னு கட்டின பொண்டாட்டியையே மலையில விட்டுட்டுப் போனாகளே, அந்தச் சீட்டு! மூணு நாளு அங்க உக்காந்து கிழங்கு தின்னேன், இன்னைக்கு வரைக்கும் அதச் சொல்லிக் காட்டிட்டு இருக்கேன். எனக்கு அழுகையும் வருது, ஓடிப்போயி முதுகுல ரெண்டு வைக்கணும்னும் வருது. மேடையில ஐயா மெல்ல மைக்கத் தூக்கினாக. இப்ப ஆண்டவரத்தான் இழுப்பாகன்னு பல்லக் கடிச்சேன். "தம்பி"ன்னாக. குரல் தேஞ்சு போயிருந்தது. "காலியாக் கெடக்கேன்னு அந்தச் சீட்டுலதான் பெட்டிய வச்சேன் நான். நாலு பெட்டி சீட்டு மேல, ரெண்டு சீட்டுக்குக் கீழ." யாரும் ஆமென் சொல்லல, யாரும் கைதட்டல, ஐயாவும் எதையும் எதிர்பாக்கல, மைக்கக் கீழ வச்சிட்டு மேடைப் படியிலயே உக்காந்துட்டாக. அந்தப் பையன் கூட்டத்தப் பிளந்துட்டு அத்தான் கிட்ட வாரான், கேள்வி கேக்க வாரான், அத்தான் குனிஞ்சு மண்ணுல வெரலால ஓடுபாதை வரையுதாக, இங்க காத்து, இங்க சரிவு, இங்க மரம். நான் சேலைத் தலப்பால முகத்தத் தொடச்சேன். கமிட்டிக்காரங்க எழும்பிப் போகப் பாக்காங்க. எங்க போவாங்க? அடுத்த வாரம் வரைக்கும் எனக்குப் பொறுமை கெடையாது. பின்னாலயே நடந்து போயி வழிய மறிச்சேன். இந்த மனுசன அனுப்பலன்னா பின்ன யாரத்தான் அனுப்புவீக, சொல்லுங்கன்னு கேட்டேன்.